கனடாவில் துணை, ஊரில் நீங்கள்: எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது?

கலியாணம் முடிந்து பதினெட்டாம் நாள், கணவரைக் கட்டுநாயக்காவில் விமானம் ஏற்றிவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினேன். அன்றிரவே வீட்டில் பேச்சுத் தொடங்கிவிட்டது. ஊரிலிருந்தே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் அவுட்லாண்ட் போடுவதா, விசிட் விசாவில் போய் இறங்கி அங்கிருந்து விண்ணப்பிக்கும் இன்லாண்ட் போடுவதா? மாமா ஒன்று சொன்னார். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில் வேறொன்று சொன்னார். எது வேகம், எது மலிவு என்றே பேச்சு ஓடியது. காத்திருக்கும் காலத்தில் நாங்கள் இருவரும் எங்கே, எப்படி வாழப்போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது ஸ்காபரோவில், புதிதாக மணமானவர்கள் படிவக் கட்டோடு என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது நான் முதலில் அதைத்தான் கேட்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. காசு வாங்குவதும் இல்லை. ஒருமுறை அடிபட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ கனடாவுக்குத் துணையோடு சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: அங்கே இருப்பவரின் அந்தஸ்து என்ன?

ஊரில் எல்லாவற்றுக்கும் "ஸ்பொன்சர்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். சட்டப்படி துணையை ஸ்பொன்சர் செய்யக்கூடியவர்கள், அதாவது பொறுப்பேற்று நிரந்தர வதிவிடத்துக்கு அழைக்கக்கூடியவர்கள், கனடியக் குடியுரிமை பெற்றவர்களும் நிரந்தர வதிவாளர்களும் மட்டுமே. மாணவராகவோ தற்காலிக வேலை அனுமதியிலோ இருப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அவர்களுடைய துணைக்கு இருக்கும் வழி, எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த வேலை அனுமதி. அந்த வழியும் 2025 ஜனவரி 21 முதல் மிகவும் குறுகிவிட்டது. மாணவர் என்றால் அவர் முனைவர் பட்டப் படிப்பிலோ, 16 மாதத்துக்குக் குறையாத முதுகலைப் படிப்பிலோ, குறிப்பிட்ட சில தொழில்முறைப் படிப்புகளிலோ இருக்க வேண்டும். வேலை செய்பவர் என்றால் உயர்திறன் பிரிவு வேலையிலோ, பட்டியலிட்ட வேறு சில வேலைகளிலோ இருக்க வேண்டும். துணை விண்ணப்பிக்கும்போது அவரது அனுமதியில் இன்னும் 16 மாதமாவது மீதமிருக்க வேண்டும்.

கல்லூரி டிப்ளோமா படிக்கும் ஒருவரின் மனைவிக்கு இன்று அந்தக் கதவு மூடியிருக்கிறது. "மாப்பிள்ளை கனடாவில் படிக்கிறார், பிள்ளையும் உடனே போகலாம்" என்று தரகர் சொன்னால், எந்தப் படிப்பு, எத்தனை மாதம் என்று பேச்சுக்கால் நடக்கும்போதே கேளுங்கள். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கலியாணம் சட்டத்தின் கண்ணில் கலியாணமா?

நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான விசா கனடாவில் கிடையாது. அந்தப் பிரிவு 2002இல் புதிய சட்டம் வந்தபோதே போய்விட்டது. ஆகவே நீங்கள் சட்டப்படி மணமானவர்களாக இருக்க வேண்டும். அல்லது குறைந்தது 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் இணையராக வாழ்ந்திருக்க வேண்டும். மணம் செய்யவும் சேர்ந்து வாழவும் முடியாத தடை உள்ளவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பிரிவு உண்டு. குறைந்தது ஓராண்டாவது உறுதியான உறவில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இலங்கையிலோ இந்தியாவிலோ ஒரே பாலினத்தவர் மணம் செய்ய முடியாது, கனடாவில் முடியும். அப்படிப்பட்ட இணையருக்கு அந்த மூன்றாவது பிரிவு பல சமயம் கைகொடுக்கிறது.

கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. இலங்கையில் "எழுத்து" என்று நாம் சொல்லும் பதிவு நடந்து, அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. தமிழ்நாட்டில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் செய்வதென்றால் 30 நாள் முன்னறிவித்தல் வேண்டும். மூன்று வார விடுமுறையில் வரும் மாப்பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போடாமல் வந்து, மண்டபக் காசும் கொடுத்துவிட்டுத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் நேரில் நின்று செய்த மணமாக அது இருக்க வேண்டும். ஒருவர் தொலைபேசியிலோ காணொளியிலோ தோன்றி நடக்கும் திருமணத்தை 2015 ஜூன் முதல் கனடா ஏற்பதில்லை. முந்திய மணம் முறிந்தவர்கள் விவாகரத்தின் இறுதித் தீர்ப்புத் திகதியை நன்றாகப் பாருங்கள். இலங்கையில் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பு. அது முடிவான தீர்ப்பாக மூன்று மாதம் செல்லும். இடையில் செய்த மறுமணம் செல்லாது.

ஸ்பொன்சர் செய்பவருக்கு என்ன வேண்டும்?

வயது 18. சமூக உதவிப் பணம் எடுப்பவராக இருக்கக் கூடாது. உடற்குறைபாட்டுக்காக அதை எடுத்தால் தடை இல்லை. வேலையிழப்புக் காப்புறுதி எடுப்பதும் தடை அல்ல. வங்குரோத்து அறிவித்து அதிலிருந்து விடுபடாதவர் செய்ய முடியாது. தானே துணையாக ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர், நிரந்தர வதிவிடம் பெற்று ஐந்து ஆண்டு கழியும் வரை வேறொரு துணையை அழைக்க முடியாது. முந்திய துணையின் செலவைத் தாங்குவதாக அரசுக்குக் கொடுத்த மூன்றாண்டுப் பொறுப்பேற்பு முடியாமல் இருந்தாலும் அப்படித்தான்.

பலரும் பயப்படும் வருமானம் பற்றி: துணையை அழைப்பதற்குக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒரு தொகை பொதுவாக இல்லை. பெற்றோரை அழைப்பதற்குத்தான் அந்தக் கணக்கு. கோப்பிக் கடையில் வேலை செய்யும் பையன் மனைவியை அழைக்க முடியாது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

அவுட்லாண்டா, இன்லாண்டா?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அவுட்லாண்ட் என்று நாம் சொல்வதன் சட்டப்பெயர் குடும்பப் பிரிவு. இன்லாண்ட் என்பது கனடாவில் உள்ள துணைவர் பிரிவு. ஸ்பொன்சர் செய்பவரின் தகுதி, கட்டணம், பெரும்பாலான படிவங்கள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபடுவது காத்திருக்கும் காலமும், மறுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதும்.

இன்லாண்டில் விண்ணப்பித்தால் நீங்கள் இருவரும் கனடாவில் ஒன்றாக வாழ வேண்டும். விண்ணப்பம் நடக்கும்போது ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று புறப்பட்டுப் போய், திரும்பிவர விசா கிடைக்காமல் போனால், விண்ணப்பமே விழுந்துவிடும். மறுக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுபரிசீலனைக்கு அனுமதி கேட்கலாம். அதற்கு 15 நாளே தருவார்கள். அங்கே நீதிபதி உங்கள் கலியாணம் உண்மையா என்று புதிதாக விசாரிக்க மாட்டார். அதிகாரி நியாயமாக முடிவெடுத்தாரா என்று மட்டுமே பார்ப்பார்.

குடும்பப் பிரிவில் நீங்கள் ஊரிலேயே இருந்து, வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டாரோடு இருந்தபடி காத்திருக்கலாம். நாடு விட்டு நாடு போகத் தடையில்லை. மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கே புதிய சான்றுகளைக் காட்டலாம், இருவரும் சாட்சி சொல்லலாம். இந்த உரிமையைச் சிறிதாக எண்ணாதீர்கள். உண்மையான கலியாணங்களும் மறுக்கப்படுகின்றன. பிறகு மேன்முறையீட்டில் வென்று வந்த தம்பதியர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கனடாவுக்குள் இருந்துகொண்டே குடும்பப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். செல்லுபடியாகும் விசாவில் வந்து கணவரோடு வாழ்கிறவர் இன்லாண்டில்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்பு வேலை அனுமதிக்காகவே பலர் இன்லாண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 2023 மே மாதம் அறிவித்த கொள்கை அந்தக் காரணத்தையும் எடுத்துவிட்டது. எந்தப் பிரிவில் விண்ணப்பித்தாலும், விண்ணப்பம் கிடைத்ததற்கான கடிதம் வந்தபின், கனடாவில் செல்லுபடியான தற்காலிக அந்தஸ்தோடு ஸ்பொன்சர் செய்பவரின் அதே முகவரியில் வாழும் துணை திறந்த வேலை அனுமதி கேட்கலாம். கட்டணம் 255 டொலர். ஆகவே இன்று விசாவோடு உள்ளே இருப்பவருக்குக்கூட நான் பெரும்பாலும் குடும்பப் பிரிவையே சொல்கிறேன். நேர்முகம் தேவைப்பட்டால் ஊரிலுள்ள விசா அலுவலகத்துக்கு அழைக்கக்கூடும் என்பது ஒன்றே அதில் உள்ள சிரமம்.

அப்படியென்றால் இன்லாண்ட் யாருக்கு? விசா முடிந்தும் உள்ளே இருப்பவர்களுக்கு. 2005ஆம் ஆண்டிலிருந்து உள்ள ஒரு கொள்கைப்படி, அந்தஸ்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் அவர்களுடைய இன்லாண்ட் விண்ணப்பத்தைத் தள்ளமாட்டார்கள். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, ஊருக்குத் திரும்ப முடியாத நிலையில் இங்கே மணமானவர்கள் எங்கள் சமூகத்தில் பலர். அவர்களுக்கு இது உயிர்நாடி. ஆனால் வெளியேற்ற உத்தரவு உள்ள ஒருவர் தனியாகப் படிவம் நிரப்பக் கூடாது. குடிவரவு வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

ஸ்பொன்சர் செய்பவரின் நிலையும் இந்தத் தேர்வில் சேர்கிறது. குடியுரிமை பெற்றவர் ஊருக்கு வந்து உங்களோடு தங்கியிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு விசா கிடைத்ததும் கனடாவில் குடியேறுவோம் என்று காட்டினால் போதும். நிரந்தர வதிவாளருக்கு அந்த வசதி இல்லை. அவர் கனடாவிலேயே வாழ வேண்டும். ஊருக்குச் சிறு பயணங்கள் மட்டும் வந்துபோகலாம். குடியுரிமைக்கு இன்னும் சில மாதம்தான் என்று இருக்கும் கணவரிடம், "சத்தியப்பிரமாணம் முடிந்தபின் நீங்கள் இங்கே வந்து இருக்கலாமா?" என்று கேட்டுப்பாருங்கள். வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்யும் ஒருவர் அப்படி வந்து, நல்லூரில் மனைவியோடு பதினொரு மாதம் இருந்துவிட்டு, இருவரும் சேர்ந்தே விமானம் ஏறினார்கள்.

மொன்றியாலில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கியூபெக் மாகாணம் தன் சொந்தப் பொறுப்பேற்பு நடைமுறையை வைத்திருக்கிறது. 2024 ஜூன் முதல் குடும்ப விண்ணப்பங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் வைத்தது. அங்கே காத்திருப்பு மற்ற மாகாணங்களை விட நீளம். கியூபெக்கில் வாழப்போகும் தம்பதியர் அந்த மாகாணத்தின் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் கூட்டாட்சிப் படிவத்தைத் தொட வேண்டும்.

சொல்லாமல் விட்ட கலியாணம்

எங்கள் ஆட்களை அதிகம் அழவைத்த விதி இது. தயவுசெய்து இரண்டுமுறை படியுங்கள்.

ஒருவர் நிரந்தர வதிவிடம் பெறும்போது தன் மனைவியையோ பிள்ளையையோ விண்ணப்பத்தில் காட்டாமல் விட்டால், பிறகு அவர்களைக் குடும்பப் பிரிவில் அழைக்க முடியாது. உள்ளே வந்த நாள்வரை நடந்த எல்லாமே கணக்கு. உதாரணமாக, 21 வயதுப் பையன் பெற்றோரின் விண்ணப்பத்தில் "தங்கிவாழும் பிள்ளை" என்று சேர்க்கப்பட்டிருக்கிறான். விசா வந்துவிட்டது. புறப்படுவதற்கு முன் காதலித்த பெண்ணை இழக்கக் கூடாது என்று, நண்பர்கள் இருவரைச் சாட்சி வைத்து இரகசியமாக எழுத்து நடக்கிறது. விமான நிலையத்தில் அதிகாரி "மணமானவரா?" என்று கேட்க, "இல்லை" என்கிறான். அந்த ஒரு சொல்லால் அவன் மனைவி குடும்பப் பிரிவிலிருந்து வெளியே தள்ளப்படுகிறாள். உண்மையைச் சொன்னாலும் சிக்கல்தான். மணமானவன் தங்கிவாழும் பிள்ளை அல்ல.

ஆகவே வதிவிட விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் எவரும் மணம் செய்தால், உடனே குடிவரவுத் துறைக்கு எழுத்தில் அறிவித்து, மனைவியை விண்ணப்பத்தில் சேருங்கள். அவர் கூட வராவிட்டாலும் சேர்க்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். முந்திய உறவில் பிறந்த பிள்ளை வேறொருவரிடம் வளர்ந்தாலும் அதே விதிதான். ஏற்கெனவே தவறு நடந்துவிட்டால், 2019 செப்டெம்பரில் தொடங்கிய தற்காலிக விதிவிலக்கு ஒன்று உண்டு. அகதியாகப் பாதுகாப்புப் பெற்றவர்கள், தாங்களே குடும்ப ஸ்பொன்சரில் வந்தவர்கள் போன்ற சிலருக்கு அது பொருந்தும். அது தவிர மனிதாபிமான அடிப்படையில் கேட்கும் வழியும் உண்டு. இரண்டுக்கும் வழக்கறிஞர் வேண்டும்.

உறவை எப்படிக் காட்டுவது?

அதிகாரி கேட்கும் கேள்விகள் இரண்டு: இந்த உறவு உண்மையானதா? குடியேறுவதே முதன்மை நோக்கமாகச் செய்ததா? ஒன்றில் விழுந்தாலும் மறுப்புத்தான். இதற்கான முக்கிய படிவம் ஐ.எம்.எம். 5532. எப்படிச் சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தார், கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள், இப்போது எப்படித் தொடர்பில் இருக்கிறீர்கள் என்று அது கேட்கும்.

பேசிச் செய்த கலியாணம் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "காதல் கலியாணம் என்று எழுதினால்தான் நம்புவார்கள்" என்று சொல்லும் அறிவாளிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொய் எழுதினால் ஐந்து ஆண்டுத் தடை வரலாம். யார் பேச்சைக் கொண்டுவந்தார், சாதகம் எப்போது பொருந்தியது, முதன்முதலில் காணொளியில் எத்தனை மணிக்குப் பேசினீர்கள், நேரில் பார்த்தபோது வீட்டில் யார் இருந்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பொருத்தம் பார்த்த குறிப்பின் பிரதியையும் மொழிபெயர்த்து வைக்கலாம்.

வழமைக்கு மாறாக நடந்த ஒவ்வொன்றுக்கும் நீங்களே முந்திக்கொண்டு விளக்கம் கொடுங்கள். பெண் நான்கு வயது மூத்தவரா, மதம் வேறா, சாதி காரணமாகப் பெற்றோர் வரவில்லையா, ஆண்டுத் திவசம் முடியாததால் இருபது பேரோடு முடித்தீர்களா? எங்கள் வழக்கம் தெரிந்த அதிகாரி இவற்றைக் கண்டால் சந்தேகப்படுவார். தெரியாதவர் தவறாக ஊகிப்பார். ஒரு பக்கக் கடிதம் போதும். வராத தகப்பனைப் பற்றி எழுத மனம் கூசும். எழுதுங்கள்.

படங்களை ஆல்பம் ஆல்பமாக அனுப்பாதீர்கள், இருபதுக்குள் தேர்ந்தெடுங்கள். என்னிடம் 1,100 படம் இருந்தது. அதில் முக்கால்வாசி, மாலையோடு நாங்கள் இருவரும் மட்டும் நின்று சிரிக்கும் படங்கள். அவற்றால் ஒரு பயனும் இல்லை. நான் கடைசியில் எடுத்தவற்றில் ஒன்று, தாலி கட்டும் கணத்தில் பின்னால் நின்ற அத்தனை முகங்களும் தெரியும் படம். அதன் கீழே இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரும் உறவும் எழுதினேன்: என் சித்தி, கணவரின் தமையன், கணவரின் பெரியம்மா. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் அம்மம்மாவின் கட்டிலருகே கணவர் கதிரையில் இருந்து தோடம்பழம் உரிப்பது. யாரோ தற்செயலாக எடுத்தது. வெளிச்சம் கூடச் சரியில்லை. அதையே முதலாவதாக வைத்தேன்.

வட்ஸ்அப் உரையாடலும் அப்படித்தான். பத்துப் பக்கம் போதும். ஆனால் ஒரே வாரத்தில் எடுக்காமல், மாதத்துக்கு ஒன்றிரண்டாக எடுங்கள். "சாப்பிட்டீர்களா?", "மாமிக்குக் காய்ச்சல் குறைந்ததா?", "வாடகை கட்டியாயிற்றா?" என்ற சாதாரணப் பேச்சுத்தான் ஒரு குடும்பம் ஓடுவதைக் காட்டும். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழும் தமிழே. அதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். இவற்றை விடக் கனமான சான்று, கலியாணத்துக்குப் பிறகு அவர் மறுபடி உங்களைப் பார்க்க வந்த பயணம். விமானச் சீட்டின் துண்டு, கடவுச்சீட்டு முத்திரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அவரது வேலைத்தலக் காப்புறுதியில் உங்கள் பெயரைப் போட்டிருந்தால் அதுவும் நல்ல சான்று.

பெயர், கடவுச்சீட்டு, பொலிஸ் அறிக்கை

தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்ற எங்கள் முறை கனடாப் படிவத்தில் குழப்பம் தரும். படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழ்களில் வேறாக இருந்தால் "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் எல்லா வடிவங்களையும் போடுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் வெறுமையாக இருந்து ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள், அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும்.

தமிழ், சிங்களப் பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். உங்கள் குடும்பத்தவர் எவரும், அவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும், அதைச் செய்யக் கூடாது.

பொலிஸ் நற்சான்றிதழ், 18 வயதுக்குப் பின், கடந்த பத்து ஆண்டுக்குள் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். இந்தியாவில் கடவுச்சீட்டுச் சேவை மூலம் எடுக்கலாம். இலங்கையில் பொலிஸ் தலைமையகம் தருகிறது. கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்தவர்கள் அந்த நாட்டுச் சான்றிதழுக்கான வேலையை முதலிலேயே தொடங்குங்கள். வெளியே இருந்து எடுப்பதற்கு நாட்கள் போகும்.

மருத்துவப் பரிசோதனையைக் கனடா அங்கீகரித்த வைத்தியர் மட்டுமே செய்ய வேண்டும். முடிவு 12 மாதம் செல்லும். நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்களும், புற்றுநோய் வந்து குணமானவர்களும் இதைக் கண்டு கலங்குவார்கள். மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்துக்காகத் துணையை மறுக்க முடியாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. தொற்றும் நிலையிலுள்ள காசநோய் போன்றவைக்குத்தான் முதலில் சிகிச்சை எடுக்கச் சொல்வார்கள்.

கட்டணம்: 2024 ஏப்ரல் 30 அன்று வைத்த கணக்குப்படி ஸ்பொன்சர் 85, விண்ணப்பம் 545, நிரந்தர வதிவிட உரிமை 575, மொத்தம் 1,205 கனடிய டொலர், கைரேகைக்கு இன்னும் 85. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுகிறார்கள். கட்டும் அன்று அரசின் பக்கத்தில் பார்த்துக் கட்டுங்கள். குறைவாகக் கட்டினால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும்.

நான் படிக்காமல் வைத்த கையொப்பம்

எங்களுக்கு விண்ணப்பம் நிரப்பியவர் கலியாண மண்டபங்களில் பழக்கமான ஒரு முகவர். அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்பிக் கையொப்பம் கேட்டார், வைத்தேன். எட்டு மாதம் கழித்து, விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதிலுக்கு 30 நாள். நாங்கள் முதன்முதலில் வல்வெட்டித்துறையில் ஒரு பிறந்தநாள் வீட்டில் சந்தித்ததாகப் படிவத்தில் இருந்தது. நான் வல்வெட்டித்துறைக்குப் போனதே இல்லை. வேறு யாரோ தம்பதியின் கதையை அவர் எங்கள் தாளில் ஒட்டியிருந்தார். ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, உண்மையை எழுதி, கலியாணம் பேசிய மாமியின் சத்தியக்கடதாசியும் வைத்துத் தப்பினோம். நான்கு மாதம் பிந்தியது. அந்த 30 நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

காசு வாங்கி உதவுபவர் வழக்கறிஞராகவோ, குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் உடனே தெரியும். படிவத்தில் தன் பெயரைப் போட மறுப்பவரிடம் போகாதீர்கள். முழு விண்ணப்பத்தின் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு வரியையும், ஆங்கிலம் வராவிட்டால் வேறொருவர் வாசித்துச் சொல்ல, கேட்டுவிட்டுக் கையொப்பம் வையுங்கள். சிக்கல் இல்லாத விண்ணப்பம் என்றால் நீங்களே இருவரும் நிரப்பலாம். வழிகாட்டி நூல் அரசின் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

காத்திருக்கும்போது

அரசு துணைவர் விண்ணப்பங்களுக்கு வைத்திருக்கும் இலக்கு 12 மாதம். அண்மைக்காலத்தில் இன்லாண்ட் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது.

இடையில் விசிட் விசா கேட்பது குற்றமல்ல. தற்காலிகமாக வரவும் பிறகு நிரந்தரமாகக் குடியேறவும் ஒரேநேரத்தில் எண்ணுவதைச் சட்டமே அனுமதிக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்: கணவர் அங்கே இருக்கிறார், ஸ்பொன்சர் போட்டிருக்கிறோம், அனுமதித்த காலம் முடிந்தால் திரும்புவேன். "மாமா வீட்டுக்குச் சுற்றுலா" என்று எழுதிவிட்டு, கணவரின் பெயர் வேறு கோப்பில் இருப்பதை அதிகாரி பார்த்தால், இரண்டு விண்ணப்பமும் சேர்ந்து பாழாகும். வந்தால் பொதுவாக ஆறு மாதம் தருவார்கள். முடிவதற்கு முன்பே நீடிப்புக் கேட்டால் பதில் வரும்வரை அந்தஸ்து தொடரும்.

விசிட் விசாவில் இருப்பவருக்கு ஒன்ராறியோவின் ஓஹிப் மருத்துவ அட்டை இல்லை. பிள்ளைப்பேற்றை எதிர்பார்ப்பவர் இதை யோசிக்காமல் வரக் கூடாது. பல பயணக் காப்புறுதிகள் பிரசவச் செலவைச் சேர்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கு ஆயிரங்களில் வரும்.

வந்து இறங்கியபின்

நிரந்தர வதிவிடத்தோடு இறங்கியவர் முதல் வாரத்திலேயே சமூகக் காப்புறுதி இலக்கம் எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் ஓஹிப்புக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது, உடனே விண்ணப்பியுங்கள். ஐந்து ஆண்டுக்குள் 730 நாள் கனடாவில் இருந்தால் அந்தஸ்து நிலைக்கும்.

இன்னொன்றை, குறிப்பாகப் பெண்களுக்கு, உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இரண்டு வருடம் சேர்ந்து இருக்காவிட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்ற மிரட்டல் இன்றும் சில வீடுகளில் கேட்கிறது. அந்த நிபந்தனை 2012இல் வந்தது. 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. உண்மையாக மணம் செய்து வந்தவர், உறவு முறிந்தாலும் தன் வதிவிடத்தை இழப்பதில்லை. கணவர் கொடுத்த மூன்றாண்டுப் பொறுப்பேற்பும் பிரிவால் இல்லாமல் போவதில்லை. விண்ணப்பம் முடியாத நிலையில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கென்று, கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று 2019 ஜூலையிலிருந்து உண்டு. அடி விழுந்தால் 911; தங்குமிடமும் சட்ட உதவியும் எங்கே கிடைக்கும் என்று கேட்க 211. இரண்டிலும் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

உங்கள் கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, கலியாணச் சான்றிதழின் மூலப்பிரதி மூன்றும் மாமியாரின் அலுமாரியில் இருக்க வேண்டியவை அல்ல. வந்த அன்றே ஒரு கோப்பு வாங்கி, அவற்றை உங்கள் பெட்டியில் வையுங்கள்.